சித்திரையில் செய்து பார்க்கச் சில சிறு கைவேலைகள்

தமிழ்ப் பருவக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஏப்ரல் 14-ஆம் நாளை ஒட்டித் தொடங்கி மே மாத நடுவில் முடிகிற சித்திரையைப் பற்றி நம்மிடையே வெயிலையும் மின்வெட்டையும் தவிர வேறு பேச்சு அதிகம் இல்லை. ஆனால் வேம்பு பூத்து உதிர்வதும், சரக்கொன்றை மஞ்சள் சரங்களைத் தொங்கவிடுவதும், மல்லிகை மலிந்து விலை இறங்குவதும், நுங்கு தெருமுனைக்கு வருவதும், வடகம் காயும் அளவுக்கு மொட்டைமாடி சுடுவதும் ஏறக்குறைய இந்த ஒரு மாதத்துக்குள்தான் நடக்கின்றன. இவற்றைக் கொண்டு செய்யக்கூடிய வேலைகளுக்குப் பெரிய செலவு இல்லை. பெரும்பாலானவை மரத்தடியில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு மட்டும் உண்டு, அந்தக் கெடு தவறினால் அடுத்த சித்திரை வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகையால் கீழே உள்ள வேலைகளை எது முதலில் கைநழுவிப் போகும் என்ற வரிசையில் தந்திருக்கிறேன். எல்லாவற்றையும் செய்ய முயல்வது வீண் அலைச்சல். இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து அவற்றை உரிய நாளில் செய்தாலே மாதம் நிறைந்துவிடும்.

முதல் நாளுக்கான கனித் தட்டு

கொங்கு நாட்டிலும் நெல்லை, குமரிப் பகுதிகளிலும் சித்திரை முதல் நாள் விடியலில் கனி காணும் வழக்கம் இன்றும் இருக்கிறது. முந்தைய இரவே ஒரு பெரிய தாம்பாளத்தில் மா, பலா, வாழை, எலுமிச்சை, வெற்றிலை பாக்கு, நாணயங்கள், கொஞ்சம் நகை, கொன்றைப்பூ ஆகியவற்றைப் பரப்பி, பின்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டு உறங்கப் போவார்கள். விழித்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். இதை அடுக்கும் பொறுப்பை வீட்டுப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியவை இரண்டே. கண்ணாடியை நேராக நிறுத்தினால் பார்ப்பவரின் முகம் மட்டுமே தெரியும். மேல் விளிம்பு சற்று முன்புறம் சாய்ந்திருந்தால் தட்டில் உள்ள கனிகளும் சேர்ந்து தெரியும். கொன்றைச் சரத்தைப் பறித்தவுடன் தட்டில் வைத்தால் விடிவதற்குள் துவண்டுவிடும் என்பதால், படுக்கப் போகும் வரை காம்பைத் தண்ணீரில் நிறுத்தி வைத்திருப்பது நல்லது.

வேப்பம்பூ: சேகரிப்பும் உலர்த்தலும்

பங்குனியிலேயே பூக்கத் தொடங்கிவிடும் வேம்பு, சித்திரையின் முதல் இரண்டு வாரங்களுக்குள் பெரும்பாலும் உதிர்த்து முடித்துவிடுவதால், இந்த வேலையைத்தான் முதலில் கையில் எடுக்க வேண்டும். வாகனப் புகையும் தூசியும் படியும் சாலையோர மரத்தைத் தவிர்த்து, வீட்டுக் கொல்லை, கோயில் வளாகம், வயல் வரப்பு ஆகிய இடங்களில் நிற்கும் மரத்தைத் தேர்ந்துகொள்வது முதற்படி. கொத்தோடு ஒடித்துப் பறிப்பவர்களும் உண்டு. ஒடித்த கொத்தில் பாதி மொட்டாகவே இருக்கும், காம்பை ஆய்வதும் பெரும் வேலை, போதாக்குறைக்கு அந்தக் கிளையில் வேப்பம்பழமும் இல்லாமல் போகும். உதிர்ந்த பூவே போதும். இரவு படுக்கப் போகும் முன் மரத்தடியைப் பெருக்கி ஒரு பழைய வேட்டியையோ புடவையையோ விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டால், விடியற்காலையில் துணி முழுக்கப் பூ கிடக்கும். வெயில் ஏறுவதற்கு முன்பே துணியைச் சுருட்டி எடுத்துவிட வேண்டும்; ஏறிய பிறகு காற்றில் சருகும் எறும்பும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஐந்து வெள்ளை இதழ்களும், நடுவில் வெளிறிய ஒரு சின்னக் குழாயும் தெரியும். தேன் வாசனை எவ்வளவு இருந்தாலும் வாயில் போட்டால் கசப்புதான். இந்தப் பூவைக் கழுவாமல் இருப்பதே மேல், ஏனெனில் நனைந்த இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துவிடும். முதலில் அகலக் கண் சல்லடையில் இட்டு ஆட்டினால் மணலும் தூசியும் கீழே இறங்கும். பிறகு முறத்தில் இட்டு மெல்லப் புடைத்தால் சருகும் இலைக் காம்பும் ஓரத்துக்கு ஒதுங்கும், அவற்றைக் கையால் பொறுக்கிவிடலாம். மரம் தூசி படிந்தது என்று தோன்றி எப்படியும் கழுவியே ஆக வேண்டுமானால், வடிகட்டியோடு ஒரு முறை தண்ணீரில் முக்கி எடுத்து, நிழலில் துணிமேல் நீர் வடியவிட்ட பின்பே வெயிலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

உலர்த்துவதற்குச் சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நாள் போதும். அகலமான தட்டில் ஒற்றைப் படலமாகப் பரப்பி, மேலே மெல்லிய மல் துணி போர்த்திவிட்டால் காற்றில் பறக்காது. நாளுக்கு இரு முறை விரலால் கிளறிவிட வேண்டும், பொழுது சாய்வதற்கு முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். இரவு ஈரத்தில் விட்டால் பகல் முழுதும் காய்ந்தது வீணாகும். வெள்ளை பழுப்பாகி, கசக்கினால் நொறுங்கும் ஒலி கேட்கும்போது பூ காய்ந்துவிட்டது என்று பொருள். ஒரு முறம் நிறைய இருந்த பூ காய்ந்த பின் இரண்டு கைப்பிடிக்கு மேல் தேறாது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, தொடர்ந்து சில நாட்கள் சேகரிப்பது புத்திசாலித்தனம். சூடு முழுதும் ஆறிய பின் ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைத்தால் ஆண்டு முழுவதும் கெடாது. சில வீடுகளில் உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து மோர்மிளகாய்க்குச் செய்வதுபோலவே உலர்த்துகிறார்கள். அது வறுத்துத் தொட்டுக்கொள்வதற்கு நன்றாக இருக்கும், ரசத்துக்கு ஒத்துவராது.

பயன்படுத்தும்போது தவறு நேர்வது அடுப்பின் தீயில்தான். நெய்யில், மிகச் சிறு தீயில், கைவிடாமல் கிளறி, பூ செம்பழுப்பு நிறத்துக்கு வரும்போதே இறக்கிவிட வேண்டும். கறுக்கவிட்டால் கசப்போடு கருகல் வாடையும் ஏறி, முழுப் பாத்திரத்து ரசமும் பாழாகும். வழக்கமான புளி ரசத்தை முழுதாக முடித்து இறக்கிய பின், வறுத்த பூவை மேலே போட்டு மூடி வைத்தால் போதுமானது. சேர்த்துக் கொதிக்கவிடக் கூடாது. புத்தாண்டுப் பச்சடிக்கு அன்றைய பூவே சிறப்பு. நறுக்கிய மாங்காயை மஞ்சள்தூள், உப்போடு குழைய வேகவைத்து, புளிப்புக்குத் தக்கபடி வெல்லம் கரைத்து விட்டு, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்து, நெய்யில் வறுத்த பூவைக் கடைசியில் தூவ வேண்டும். அறுசுவையும் இதில் இருக்கிறது என்பார்கள். வெல்லத்தில் தாராளமாக இருந்துவிட்டுப் பூவில் கஞ்சத்தனம் காட்டுகிற பச்சடி வெறும் மாங்காய்ப் பாகு என்பது என் கருத்து.

கூழ் வடகம்

மே 4-ஆம் நாளை ஒட்டித் தொடங்கும் அக்னி நட்சத்திரத்துக்குக் காத்திருக்காமல், சித்திரையின் இரண்டாம் வாரத்திலேயே வடகம் போட்டுவிடுவது நல்லது. வெயில் அப்போதே போதுமான அளவுக்கு ஏறியிருக்கும். மாதம் முற்ற முற்ற மாலை இடியோடு கோடை மழை வந்து மாடியை நனைக்கும் வாய்ப்பும் கூடும். வானிலை அறிக்கையைப் பார்த்து, தொடர்ந்து மூன்று நாள் மழைக்குறி இல்லாத இடைவெளியைத் தேர்ந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அளவு எளிது. பச்சரிசி மாவு நான்கு கோப்பைக்கு ஜவ்வரிசி ஒரு கோப்பை. ஜவ்வரிசியை முந்தைய இரவே ஊறவைக்க வேண்டும். பச்சை மிளகாய், உப்பு, பெருங்காயம் மூன்றையும் விழுதாக அரைத்து வைத்துக்கொள்ளலாம். மாவும் ஜவ்வரிசியும் சேர்ந்த மொத்த அளவுக்கு மூன்று மடங்கு தண்ணீர் தேவை. அதில் நான்கில் ஒரு பங்கை எடுத்து மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, மீதித் தண்ணீரைக் கொதிக்கவிட வேண்டும். கொதி வந்ததும் முதலில் ஜவ்வரிசியைப் போட்டு அது கண்ணாடியாகத் தெளியும் வரை வேகவிட்டு, பிறகு விழுதையும் கரைத்த மாவையும் ஊற்றி, தீயைக் குறைத்து, கை ஓயாமல் கிளற வேண்டும். இந்தக் கிளறலுக்கு அடிகனமான பாத்திரமும் நீளக் காம்புள்ள கரண்டியும் கட்டாயம். இறுகி வரும் கூழ் தெறித்தால் கை புண்ணாகிவிடும். நனைத்த விரலால் கூழைத் தொட்டால் ஒட்டாமல் வர வேண்டும், அதுதான் பதம். இறக்கிச் சற்றே ஆறிய பின் எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கலக்கலாம். அடுப்பில் இருக்கும்போதே சேர்த்தால் கசக்கும்.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூழில் உள்ள தண்ணீர் முழுதும் வெயிலில் போய்விடும், உப்பும் காரமும் மட்டும் அப்படியே தங்கிவிடும். எனவே சூடான கூழை நாக்கில் வைத்துப் பார்க்கும்போது சரியான உப்பு இருந்தால், பொரித்த வடகம் கரிக்கும். கூழில் உப்பு குறைகிறதே என்று தோன்றும் அளவே சரியான அளவு. மிளகாய்க்கும் இதே விதி பொருந்தும்.

விடியற்காலையில் கிளறத் தொடங்கி, ஏழு ஏழரை மணிக்குள் பிழிந்து முடிப்பது நமக்கும் நல்லது, வடகத்துக்கும் நல்லது. எட்டு மணிக்குமேல் மாடித் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. பழைய பருத்தி வேட்டியை நனைத்து முறுக்கிப் பிழிந்து, பாயின் மேலோ கயிற்றுக் கட்டிலின் மேலோ சுருக்கமில்லாமல் விரித்து, முறுக்கு அச்சில் கூழை நிரப்பி வேண்டிய வடிவில் பிழியலாம். நட்சத்திர அச்சில் பிழிந்தால் விளிம்புகள் முதலில் காய்ந்து மொறுமொறுப்பு கூடுகிறது. அச்சு இல்லாதவர்கள் கூழில் கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தளர்த்தி, கரண்டியால் சிறு வட்டங்களாக ஊற்றலாம். பிள்ளைகளிடம் அச்சைக் கொடுத்தால் வடகத்தில் அவர்களுடைய பெயரின் முதலெழுத்தும், மீனும், பாம்பும், யாருக்கும் விளங்காத சில உருவங்களும் வந்து சேரும். பொரிக்கும்போது தன்னுடையது எது என்று தேடிப் பிடிப்பதற்காகவே அவர்கள் அடுப்படிக்கு வருவார்கள். காக்கைக்குப் பழைய கறுப்புக் குடையை விரித்துப் பக்கத்தில் வைப்பது வழக்கம். அதுவும் முழுக்க நம்பத் தகுந்த காவல் அல்ல என்பதால், பத்து மணி வரை யாராவது மாடிப்படி நிழலில் உட்கார்ந்திருப்பது உத்தமம்.

மாலையில் துணியோடு சுருட்டாமல், அப்படியே தூக்கி வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். மறுநாள் மதியம் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்து, இரண்டு நிமிடம் பொறுத்து இழுத்தால் வடகம் உடையாமல் உரிந்து வரும். உரித்தவற்றைத் தட்டில் பரப்பி, ஒடித்தால் வளையாமல் முறியும் வரை மேலும் ஓரிரு நாள் காயவிட வேண்டும். இப்போது பலரும் பிளாஸ்டிக் விரிப்பில் பிழிகிறார்கள். காய்ந்ததும் தானே கழன்று வரும் வசதி அதில் உண்டு என்றாலும், அடிப்பக்கத்து ஈரத்துக்குப் போக வழியில்லாமல் காய்வதற்கு ஒரு நாள் கூடுதலாகிறது. சுடும் பிளாஸ்டிக்கின் மேல் உணவுப் பண்டம் கிடப்பதும் எனக்குச் சம்மதமில்லை. நடுவில் மழை பிடித்துக்கொண்டால் மின்விசிறியின் கீழ் விரித்து வைக்கலாம்; மறுநாள் புளித்த வாடை வந்தால் மனம் கோணாமல் கொட்டிவிட வேண்டும், அதைக் காப்பாற்ற வழியில்லை.

டப்பாவில் அடைப்பதற்கு முன் ஒன்றை நன்கு காய்ந்த எண்ணெயில் போட்டுப் பார்ப்பது அவசியம். போட்ட நொடியில் மேலெழுந்து பெருத்து வெளுத்தால் எல்லாம் சரி. ஓரம் பொரிந்து நடுப்பகுதி கடினமாக நின்றால் உள்ளே ஈரம் மிச்சமிருக்கிறது. இன்னொரு நாள் வெயில் தேவை.

பனையிலிருந்து இரண்டு விளையாட்டுப் பொருட்கள்

தமிழ்நாட்டின் மாநில மரமான பனை இந்த மாதத்தில் நுங்கைத் தருகிறது. நுங்கைத் தின்றபின் தூக்கி எறியும் கூந்தலில், அதாவது வெறுங்காயில், செய்கிற வண்டிக்கு ஒரு காசும் செலவில்லை. விற்பவரிடம் கேட்டால், மூன்று கண்ணையும் நோண்டி எடுத்த கூந்தல்களைச் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார். ஒரே பருமனுள்ள இரண்டைப் பொறுக்குவதுதான் முக்கியம். ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் வண்டி எப்போதும் சிறியதன் பக்கமே திரும்பும். விரல் தடிமனில், ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில், நேரான குச்சி ஒன்றை எடுத்து இரு முனையையும் கூராகச் சீவி, ஒவ்வொரு கூந்தலின் நடுவிலும் செருக வேண்டும். நடு தவறினால் சக்கரம் தள்ளாடும். அடுத்து, நுனி இரண்டாகப் பிரியும் ஒரு கவைக் குச்சியை, பிள்ளையின் மார்பு உயரத்துக்கு வெட்டி, கவையை அச்சின் நடுவில் பொருத்தித் தள்ளினால் வண்டி ஓடும். பச்சைக் கூந்தலின் கனத்தில்தான் இந்த வண்டி மண்ணைப் பிடித்து ஓடுகிறது. இரண்டு மூன்று நாளில் அது சுருங்கி, அச்சு கழன்று, ஆட்டம் முடியும். அதற்குள் அடுத்த நுங்கு வாங்கிவிடலாம்.

ஓலைக் காற்றாடிக்கு நுணுக்கம் கொஞ்சம் அதிகம். ஓலைக்கு உயரமான பனையில் ஏற வேண்டியதில்லை, கைக்கு எட்டும் வடலியின், அதாவது இளம்பனையின், பக்கவாட்டு ஓலை ஒன்று போதும். நடுவில் நிற்கும் குருத்தைத் தொட்டால் கன்று வளர்ச்சி கெடும். மட்டையின் இரு ஓரத்திலும் உள்ள கருக்கு அரத்தின் கூர்மையோடு இருப்பதால், பெரியவர்களே அறுத்துத் தருவது நல்லது. ஓலையின் ஓர் இதழைப் பிரித்து நடு ஈர்க்கை உருவிவிட்டால் இரண்டு பட்டைகள் கிடைக்கும். அவற்றை இரு விரல் அகலம், ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றைக் குறுக்காக வைத்து, சரியாக நடுவில் ஒரு கருவேல முள்ளால் குத்த வேண்டும். முள்ளின் தடித்த அடிப்பக்கம் முன்னால் நிற்க வேண்டும். ஓலை முன்புறமாகக் கழன்று விழாமல் தடுப்பது அதுதான். முள்ளின் கூர்முனையில் ஓலைத் துண்டில் வெட்டிய சின்ன வட்டம் ஒன்றைக் கோத்து, அதன்பின் சோளத்தட்டையிலோ காய்ந்த ஆமணக்குத் தண்டிலோ அழுத்திச் செருகலாம். ஓலையிலுள்ள துளை தளர்வாகவும் தண்டிலுள்ள துளை இறுக்கமாகவும் இருந்தால்தான் சுற்றும்.

இத்தனையும் செய்த பிறகும் காற்றாடி அசையாமல் நின்றால், இறக்கைகளின் மடிப்பைப் பார்க்க வேண்டும். முன்னால் நின்று, ஒவ்வோர் இறக்கையையும் மேலே வரும்படி திருப்பிப் பார்க்கும்போது நான்கின் வலது விளிம்பும் ஒரே அளவுக்குப் பின்னோக்கி வளைந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் மாறி வளைந்திருந்தாலும், மற்ற மூன்றின் மேல் விழும் காற்றின் தள்ளலை அது எதிர்த்துக்கொண்டே இருக்கும். நீளம் ஏறக்குறைய இருந்து ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால், கனமான முனையைக் கத்தரியால் நூலிழை நூலிழையாக நறுக்கிச் சரிசெய்யலாம். சிறுவர்களுக்கு இந்தத் திருத்தும் வேலைதான் செய்யும் வேலையைவிடப் பிடிக்கிறது. ஓலை காய்ந்து பிளந்தால், புதிதாக வெட்டும் ஓலையை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

மல்லிகை கட்டப் பழகுதல்

மற்ற மாதங்களில் மல்லிகை விலைக்குப் பயந்து இந்தப் பழக்கத்தைத் தொடங்க முடியாது. சித்திரையில் வரத்து கூடி விலை இறங்குவதால், கைபழகும்வரை நூறு கிராம் பூவை வீணாக்கினாலும் மனம் அடித்துக்கொள்ளாது. இதழ் தடித்து, நெடுநேரம் வாடாமல் நிற்கும் குணத்துக்குப் பெயர்பெற்று, 2013-இல் புவிசார் குறியீடும் பெற்ற மதுரை மல்லி கிடைத்தால் பழகுவதற்கு அதுவே ஏற்றது. மதியத்துக்குள் மொட்டாக வாங்கிவிட வேண்டும். மாலையில் விரிந்த பூவைக் கட்டினால் இதழ்கள் நசுங்கும்.

வாழைநாரைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, நகத்தால் மெல்லிய இழைகளாகக் கிழித்துக்கொள்ளலாம். நாரின் ஒரு முனையில் முடிச்சிட்டு இடக்கையில் பிடித்து, இரண்டு மொட்டுகளின் தலை இடப்பக்கமும் இரண்டின் தலை வலப்பக்கமும் பார்க்கும்படி, காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிய வைக்க வேண்டும். வலக்கையால் நாரைக் காம்புகளின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு அதே நாரை இரு விரல்களில் திருப்பி ஒரு கண்ணியாக்கி, அதைக் காம்புகளின் வழியாக நுழைத்து இழுத்தால் முடிச்சு விழும். அடுத்த நான்கு மொட்டுகளை முன்னதை ஒட்டியே வைக்க வேண்டும். நார் காம்பை அறுக்காமலும் பூ நழுவாமலும் நிற்கும் இறுக்கம் எது என்பதை எழுதிப் புரியவைக்க முடியாது. அரை முழம் கட்டுவதற்குள் விரலுக்கே தெரிந்துவிடும். நூலில் பழகுவதைவிட நாரில் பழகுவது எளிது, ஏனெனில் ஈரநார் வழுக்காது.

பூவும் பறவையும் எழுதும் ஏடு

ஒரு பழைய நாட்குறிப்போ பள்ளிக்கூட நோட்டோ போதும். ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு வரி: இன்று எந்த மரம் பூத்தது, எது உதிர்த்தது, எந்தப் பறவை எங்கே இருந்தது. தெருவில் உள்ள ஐந்தாறு மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றையே மாதம் முழுவதும் கவனிப்பது, ஊரெல்லாம் அலைந்து நூறு மரங்களுக்குப் பெயர் எழுதுவதைவிடப் பயனுள்ளது. வேம்பு, புங்கம், சரக்கொன்றை, மகிழம், நுணா ஆகிய ஐந்தும் பெரும்பாலான ஊர்களில் நடை தூரத்தில் கிடைக்கும். வெண்மணலில் புங்கம்பூ உதிர்ந்து கிடப்பதை, முருகனுக்கு வெறியாடும் களத்தில் சிதறிய நெற்பொரிக்கு ஒப்பிட்டார் ஒரு சங்கப் புலவர். வாகனங்கள் நசுக்குவதற்கு முன்பு, காலை ஆறு மணிக்குப் புங்கமரத்தடியைப் பார்ப்பவர்கள் அந்த உவமையை இன்றும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பறவைகளில் குயிலைத் தவறவிட முடியாது. விடியும் முன்பே படிப்படியாகச் சுருதி ஏற்றிக் கூவுவது கறுப்பு நிற ஆண். பெண் குயில் பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளோடு, பெரும்பாலும் இலை மறைவிலேயே இருக்கும். குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இடுவதால், அருகில் எந்த மரத்தில் காக்கை கூடு கட்டுகிறது என்பதையும் சேர்த்துக் குறித்து வந்தால், ஏடு வெறும் பட்டியலாக நின்றுவிடாமல் ஒரு கதையாக வளரும். ஏட்டின் பக்கங்களில் ஒட்டுவதற்குக் கொன்றை இதழ், வேப்பிலைக் கொழுந்து, புங்க இலை ஆகிய மெல்லியவற்றைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துக் கனமான புத்தகங்களை ஏற்றி, இரண்டு நாளுக்கு ஒரு முறை தாளை மாற்றி ஒரு வாரம் அழுத்தலாம். மல்லிகை, பழுப்பாகிப் பார்க்கச் சகிக்காது.

கூடவே மாடியில் ஒரு மண் சட்டியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைத்தால் ஏட்டில் எழுத விஷயம் குறையாது. இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல் இருக்கட்டும், கொசு முட்டையிடாதபடி தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும்.

ஆடிக்கு விதை எடுத்து வைத்தல்

தையிலும் மாசியிலும் காய்த்த பீர்க்கு, சுரை, அவரைக் கொடிகளில் பறிக்காமல் விட்ட காய்கள் இந்த மாதம் முற்றி உலர்ந்துவிடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல்லுக்கு ஏற்ப ஆடியில் ஊன்ற விதை வேண்டுமானால், அதை எடுத்து வைக்கும் காலம் இதுதான். பீர்க்கங்காயைக் கொடியிலேயே காயவிட்டு, குலுக்கினால் உள்ளே கலகலக்கும் நிலையில் பறித்து, நுனியை வெட்டித் தலைகீழாகத் தட்டினால் கறுத்த விதைகள் கொட்டும். மீதியைத் தண்ணீரில் ஊறவைத்து மேல்தோலை உரித்தால் குளிப்பதற்கான பீர்க்கு நார் இலவசமாகக் கிடைக்கிறது. சுரைக் குடுக்கை முற்றிக் காய இன்னும் சில வாரங்கள் ஆகலாம், அவசரப்பட்டு உடைக்கக் கூடாது.

எடுத்த விதையை ஒரு நாள் இளவெயிலிலும் அடுத்த இரண்டு நாள் நிழலிலும் உலர்த்தி, சலித்த அடுப்புச் சாம்பலில் புரட்டி, சிறு துணி முடிச்சுகளாகவோ புட்டிகளிலோ பெயரும் தேதியும் எழுதி வைக்கலாம். நண்பகல் வெயிலில் நேரடியாகக் காயப்போட்ட விதை முளைப்புத் திறனை இழக்கக்கூடும். ஆடி பிறக்கும் முன் ஒவ்வொரு வகையிலும் பத்து விதையை ஈரத் துணியில் முடிந்து, வாரம் பத்து நாள் ஈரம் குறையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். ஏழெட்டு முளைத்தால் குழிக்கு இரண்டு விதை போதும், பாதிக்கும் குறைவாக முளைத்தால் நான்காகப் போட்டுவிட்டு, பிறகு வலுவான கன்றை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம்.